பழுதும் பரிகாரமும்: கீழ்க்கரைப் பாய்த்தோணிகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கடலோடிகளின் வரலாறு பெரும்பாலும் இரு முனைகளிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு முனையில் வெற்றிப் பயணங்கள். மறுமுனையில் பெருஞ் சேதங்கள். 1498 ஆம் ஆண்டில் வஸ்கோ ட காமா கோழிக்கோட்டை வந்தடைந்தமை பாடநூல்களில் இடம்பெறுகின்றது. கப்பல் உடைந்து மாண்டோர் கதைகளும் ஏதோவொரு வகையிற் பதிவாகிவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிறந்த நாட்களில், கயிறு அறுந்தபோதும், பாய் கிழிந்தபோதும், பலகை இடுக்கில் நீர் கசிந்தபோதும், சுக்கான் தளர்ந்தபோதும் கலத்திலிருந்தோர் யாது செய்தனர் என்பதை வரலாற்றாசிரியர் வினவுவது அரிது. ஒரு கலம் தன் வாழ்நாளில் ஒருமுறையே மூழ்கும், பழுதடைவதோ நூறுமுறை. அந்த நூறு பழுதுகளையும் அவ்வப்போது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு சரிப்படுத்திய அறிவே கடல் வாழ்வைச் சாத்தியமாக்கியது. இவ்வறிவு இலங்கையின் கீழ்க்கரையிலும் அதனைச் சூழ்ந்த கடல்களிலும் எவ்வாறு அமைந்திருந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் உருவாக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாக விளங்கிய இக்கரை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிப் பொத்துவில் வரை நீள்கின்றது. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. கல்முனைக்கு மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. கிழக்கே திறந்த கடல். வாவியில் ஓடும் தோணிக்கு அலையைப் பற்றிய கவலை இல்லை. கடலுக்குச் செல்லும் தோணியின் நிலையோ முற்றிலும் வேறானது. திருகோணமலையைப் போன்ற இயற்கைத் துறைமுகம் எதுவும் இவ்வூர்களுக்கு வாய்க்கவில்லை. நீண்ட மணற்கரையில் அலை நேரே வந்து மோதும். தோணி புறப்படும்போது அவ்வலையைக் கிழித்துச் செல்லவேண்டும்; திரும்பும்போது அவ்வலையின் முதுகிலேறி மணலில் வந்து விழவேண்டும். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். கச்சான் காலத்திற் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

இத்தகைய கரையில் ஒவ்வொரு நாளும் தோணி மணலில் மோதுகின்றது. ஆகவே ஒவ்வொரு நாளும் அதன் ஏதேனும் ஓர் உறுப்பு தளர்கின்றது. துறைமுகமுள்ள நாட்டிற் கப்பலைப் பழுதுபார்ப்பது ஆண்டுக்கொரு முறை நிகழும் தனித் தொழில். துறைமுகமற்ற கரையில் அது மீன்பிடித் தொழிலின் அன்றாடப் பகுதி. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது எமது கலங்களின் அமைப்பை விளங்கிக்கொள்ள முடியாது.

இவற்றுள் மிக எளியது கட்டுமரம். அதனைத் தெப்பம் எனவும் வழங்குவர். மென்மரத் துண்டங்கள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்தால் அது கலமாகின்றது. சோழமண்டலக் கரையிற் கடலிலிருந்து மீண்டதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலரவிடும் வழக்கம் இருந்தது. ஓட்டை விழுதல் என்பது இக்கலத்துக்கு இல்லை. உள்ளே நீர் புகுந்து மூழ்குவதும் இல்லை. கயிறு அறுந்தால் வேறு கயிறு கட்டினாற் போதும். பார்ப்பவருக்கு இது நாகரிகத்தின் தொடக்கநிலைப் பொருளாகத் தோன்றலாம். ஆயின் பழுதுக்கு இடமே கொடாத ஒரு பொருளை ஆக்கியவரைப் பின்தங்கியவர் எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

அடுத்த நிலையில் உள்ளவை தைத்த கலங்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தித் துளையிட்டு, இடுக்கின்மீது தும்பையோ வைக்கோலையோ திணித்து, தென்னங்கயிற்றாற் குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பதே இவற்றின் முறை. சென்னைக் கரையின் மசூலாப் படகு, சிங்கள மீனவரின் ஒருவ, கரைவலைத் தோணி என்பன இம்முறையில் அமைந்தவை. தென்மேற்குக் கரையில் வணிகத்துக்குப் பயன்பட்ட யாத்திரா தோணி என்னும் பெருங்கலமும் தைக்கப்பட்டதே. அவ்வகையிற் கடைசியானது 1930 ஆம் ஆண்டில் மாலைதீவருகே சேதமுற்றது.

ஆணியின்றித் தைத்த கலங்களைக் கண்ட பிறநாட்டார் பலர் அவற்றை இகழ்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் ஓர்முஸ் துறையிற் கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ அவை மிக மோசமானவை என்றும், இரும்பாணி இல்லாமையாற் பல மூழ்கிப்போகின்றன என்றும் எழுதினார். வேறு சிலர் காரணங் கற்பித்தனர். இலங்கைக்கு அண்மையிலுள்ள கடலில் காந்தமலைகள் உள்ளன, அவை ஆணியுள்ள கப்பல்களை ஈர்த்துவிடும், அதனாலேயே இப்பகுதியினர் ஆணி அடிப்பதில்லை என்பது அக்கதை. தொலமியின் காலந்தொட்டே வழங்கிய இக்கதை அறபுக் கதைகளிலும் இடம்பெற்றது. ஆறாம் நூற்றாண்டிலேயே புரோகோப்பியசு என்னும் வரலாற்றாசிரியர் அதனை மறுத்தார். இரும்புக் கட்டுகள் மிகுந்த உரோமரின் கப்பல்களுக்கு அத்தகைய இடர் எதுவும் நேரவில்லையே என்பது அவர் வாதம். எனினும் அவரும் இந்நாட்டாருக்கு இரும்பு கிடைக்காமையையே காரணமாகக் கொண்டார். பண்டைக் காலந்தொட்டு இரும்பை உருக்கிய தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் இவ்விளக்கம் சற்றும் பொருந்தாது.

உண்மைக் காரணத்தை அண்மித்து நின்றவர் இபுனு யுபைர். அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர் 1183 ஆம் ஆண்டிற் செங்கடலின் ஐதாப் துறையில் தைத்த கலங்களைக் கண்டார். அவற்றை அவரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆயினும் கூர்ந்து நோக்கினார். தென்னந்தும்பைத் திரித்துப் பலகைகளைத் தைத்தல், ஈச்சமர முளைகளைச் செருகுதல், பின்னர் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுதல் என ஒவ்வொன்றையும் விபரித்தார். சுறா எண்ணெயே சிறந்தது என்பதையும் குறித்தார். எண்ணெய் பூசுவதன் நோக்கம் மரத்தை இளக்கி நெகிழச் செய்வது. ஏனெனில் அக்கடலிற் பாறைகள் மிகுதி. விறைப்பான கலம் பாறையில் மோதினாற் பிளக்கும். நெகிழ்வான கலம் வளைந்து கொடுக்கும். ஐதாப்பின் பாறைக்கு உரிய இந்நியாயமே கல்முனையின் அலைக்கும் சென்னையின் அலைக்கும் உரியது. சென்னையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கட்டத்தில் துறைமுகம் அமையும் வரை, ஆங்கிலேயரின் கப்பற் படகுகள் அலையைத் தாங்கமாட்டாமையால், ஆளுநர் முதல் அஞ்சற்பை வரை மசூலாப் படகிலேயே கரைசேர வேண்டியிருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நெகிழ்ச்சி ஒருபுறமிருக்க, தைத்த கலத்தின் முதன்மையான சிறப்பு அதனை எளிதிற் செப்பனிடலாம் என்பதே. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அபூ செய்த் அல் சிறாபி இதற்கு அரிய சான்றொன்றைத் தருகின்றார். ஓமான் நாட்டவர் தச்சுக் கருவிகளோடு தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வர்; மரத்தை வெட்டி உலர்த்திப் பலகையாக்குவர்; அதன் தும்பைத் திரித்து அப்பலகைகளைத் தைப்பர்; அம்மரத்திலிருந்தே பாய்மரமும் அதன் பொருள்களாலேயே பாயும் செய்வர்; பின்னர் தேங்காயை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவர். கலமும் சரக்கும் ஒரே மரத்திலிருந்து! இதனை ஒரு விநோதச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடுதல் தவறு. கலம் முழுவதும் தென்னையாலானது எனின், தென்னை வளரும் கரை ஒவ்வொன்றும் அக்கலத்துக்குப் பணிமனையாகும். கொல்லனைத் தேடவேண்டியதில்லை. உலையும் கரியும் வேண்டியதில்லை. பழைய கயிற்றை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கயிற்றால் அதே துளைகளில் தைக்கலாம். ஒரு பலகை உளுத்தால் அப்பலகையை மாத்திரம் மாற்றலாம். ஆணியடித்த பலகையைப் பெயர்த்தெடுக்கும்போது மரம் சிதைவதை அறிந்தோருக்கு இதன் அருமை விளங்கும்.

இனி, பெருங்கலங்களில் நேர்ந்த பழுதுகள் சிலவற்றை ஒப்புநோக்குவோம். எழுத்தில் எஞ்சியவை பெரும்பாலும் அவையே.

சீன யாத்திரிகர் பாகியன் இலங்கையில் இரண்டாண்டுகள் தங்கிய பின்னர், 411 ஆம் ஆண்டளவில், இருநூறுக்கு மேற்பட்டோரை ஏற்றிய வணிகக் கப்பலொன்றிற் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். பழுது நேரின் உதவுமென அதன் பின்னே சிறு கலமொன்று கட்டப்பட்டிருந்தது. நல்ல காற்றிற் சில நாள் ஓடியபின் புயல் எழுந்தது. கப்பலுள் நீர் கசிந்தது. வணிகர் சிறு கலத்துக்குத் தாவ முற்பட்டனர். அதிலிருந்தோரோ, கூட்டம் ஏறினால் தாமும் மூழ்குவோம் என அஞ்சிக் கயிற்றை வெட்டிவிட்டனர். சரக்குகள் கடலில் வீசப்பட்டன. பாகியனும் தம் கலயத்தையும் பிற பொருள்களையும் எறிந்தார். பதின்மூன்று நாள் அலைந்து தீவொன்றின் ஓரத்தில் ஒதுங்கியபோது, வற்று நீரிற் கசிவின் இடம் புலப்பட்டது, அதனை அடைத்தனர், பயணம் தொடர்ந்தது. பாகியனின் குறிப்பில் இவ்வடைப்புக்குக் கிடைத்த இடம் ஒரு வரியே. எதனால் அடைத்தனர், அடைத்தவர் யார் என்பன அதில் இல்லை. ஆயினும் சீனத்துக்குத் திரும்பிய பௌத்த ஏடுகள் அனைத்தும் அந்த அடைப்பினால் உயிர் தப்பியவையே.

இரண்டாவது நிகழ்ச்சி 1344 ஆம் ஆண்டுக்குரியது. இலங்கையில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்துப் பாவாதமலையைத் தரிசித்த இபுனு பதூதா, புத்தளத்திலிருந்து மஃபர் என அவர் வழங்கிய தமிழகக் கரைக்குப் புறப்பட்டார். காற்று வலுத்தது. கலத்தை நடத்தியவருக்குப் போதிய திறமை இருக்கவில்லை என அவரே குறைகூறுகின்றார். பாறைக்கு அருகாகச் சென்று தப்பிய கலம் ஆழமற்ற இடத்தில் தரைதட்டியது. மாலுமிகள் பாய்மரத்தை வெட்டிக் கடலில் வீழ்த்தினர். மரங்களைப் பிணைத்துத் தெப்பமொன்று செய்தனர். பதூதா தம்முடன் வந்தோரை அதில் அனுப்பிவிட்டுத் தாம் கலத்திலேயே தங்கினார். மேலுந் தெப்பங்கள் கட்ட முயன்றபோது இரவு வந்துவிட்டது. ஏறிவரும் நீருக்கு அஞ்சிக் கலத்தின் பின்புறத்தில் ஏறியிருந்த அவரை, மறுநாட் காலையிற் கரையிலிருந்து படகில் வந்த ஊரவர் மீட்டனர். உலகைச் சுற்றிய அவ்வறிஞரின் துணைவர்களைக் கரைசேர்த்தது கட்டுமரத்தின் தத்துவமே. பெருங்கலம் உடைந்தபோது அதன் மரத்திலிருந்தே சிறுகலம் பிறந்தது. கீழ்க்கரை மீனவர் நாள்தோறும் கட்டியும் அவிழ்த்தும் பழகிய பொருள் அதுவன்றோ!

மூன்றாவது எமது கரைக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்திற் புயலில் அகப்பட்ட ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், தப்புவதற்காகத் தன் பெரும் பாய்மரத்தை வெட்ட நேர்ந்தது. புதிய பாய்மரம் நாட்டவும், அதற்கிடையில் வணிகம் செய்யவும் அது கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. பெருங்கப்பலின் பாய்மரம் ஒரே நாளில் மாற்றக்கூடியதன்று. ஒதுங்கி நிற்க அமைதியான குடாவும், நீண்ட தங்கலும் வேண்டும். அத்தங்கல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஐயத்தைக் கிளறியது. 1660 இல் கப்பற் தலைவனும் அவன் மகன் றொபேட் நொக்சும் உட்படப் பதினாறு பேர் சிறைப்பட்டனர். தந்தை மறு ஆண்டிலேயே மாண்டான். மகன் 1679 இல் அரிப்புக்குத் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்திலேயே கழித்தான். அவன் 1681 இல் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாயிற்று. அந்நூலை மேற்கோள் காட்டாத மாணவர் எம்மிடையே இல்லை. அதன் தோற்றுவாய் ஒரு முறிந்த பாய்மரம் என்பதை எண்ணிப்பார்ப்போர் மிகச் சிலரே.

பழுது நேர்வது பெரிதும் சிறிதுமாகிய எல்லாக் கலங்களுக்கும் பொது. அதனைத் தீர்க்க வேண்டிய காலமும் இடமும் பொருளுமே வேறுபடுகின்றன. ஆன் கப்பலுக்கு ஒரு குடாவும் பல மாதங்களும் தேவைப்பட்டன. கரைத்தோணிக்குச் சில முழக் கயிறும் ஒரு பிற்பகலும் போதும். வரலாறு முன்னையதைப் பதிவு செய்தது, பின்னையதை மறந்தது.

தைத்த கலத்தின் திறன் பற்றி நூலறிவால் மட்டும் வாதிடவேண்டிய நிலை 1980 இல் நீங்கிற்று. திம் செவரின் என்பார் பழைய அறபுக் கலத்தின் மாதிரியில் சோகார் என்னும் பாய்க்கப்பலை ஓமானின் சூர் நகரிற் கட்டுவித்தார். மலையாளக் கரையின் அயினி மரம். பலகைகளைப் பிணைக்க ஓர் ஆணியும் இல்லை. இலட்சத்தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர் தென்னங்கயிற்றால் அதனைத் தைத்தனர். 1980 நவம்பரில் மஸ்கற்றிலிருந்து புறப்பட்ட சோகார் கோழிக்கோட்டுக்கும் இலங்கைக்கும் வந்து, பின்னர் சுமாத்திரா நோக்கிச் சென்றது. அவ்விடைவெளியிலேயே அதன் பெரும் பருமல் முறிந்தது. பாயைத் தாங்கும் அக்குறுக்குமரம் இன்றேற் கப்பலுக்கு ஓட்டமில்லை. எஞ்சியதைக் கொண்டு தற்காலிக ஏற்பாடு செய்து, காற்றடங்கிய கடலில் மெல்ல மெல்ல நகர்ந்து, மழைநீரைச் சேர்த்துக் குடித்து அவர்கள் கரைகண்டனர். 1981 யூலையிற் சீனத்தின் கன்ரன் நகரை அடைந்தனர். இங்கே கருதத்தக்கது யாதெனில், முறிந்தது பருமலேயன்றித் தையலன்று. மார்க்கோ போலோவின் இகழ்ச்சிக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளின் பின்னர் கிடைத்த விடை எனலாம்.

சோகாரின் பழுது நூலில் ஏறியது. செவரின் எழுத்தாளர் என்பதே காரணம். அமெரிக்கரான யோசுவா சிலோக்கம் 1895 முதல் 1898 வரை ஏறத்தாழ 37 அடி நீளமான சிறு பாய்ப்படகிலே தனியொருவராக உலகைச் சுற்றிவந்தார். தென்னமெரிக்க முனையருகே கந்தலாகிப்போன பாயைத் தம் கையாலேயே தைத்துக்கொண்ட கதையை அவர் எழுதினார்; உலகம் படித்தது. அதே ஆண்டுகளில் எமது கரையிற் பாய் தைத்தவர் எத்தனை பேர்? அவர்தம் பெயருள் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1937 இல் அங்கிருந்து புறப்பட்டு 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த அன்னபூரணி வடபுலத்தில் இன்றும் பேசப்படுகின்றது. கீழ்க்கரைக்கு அத்தகையதொரு பெருங்கதை வாய்க்கவில்லை. பெருங்கதை இல்லாத இடத்திற் சான்றை வேறெங்கே தேடுவது?

சொற்களிலே தேடலாம் என்பது என் கருத்து. சுக்கான் அறபுச் சொல். மாலுமி என்பது முஅல்லிம் என்னும் அறபுச் சொல்லின் திரிபு. கப்பற் தலைவனைக் குறிக்கும் நாகுதா பாரசீகம். கலத்தைச் செலுத்துதலும் தலைமை தாங்குதலும் பற்றிய இச்சொற்கள் மேலைக் கடலிலிருந்து, பெரும்பாலும் முஸ்லிம் கடலோடிகள் வாயிலாக, தமிழுக்குள் வந்தவை. ஆயின் கயிறு, தும்பு, பாய், முளை, பிணைத்தல், தைத்தல் ஆகிய கட்டுதலும் செப்பனிடுதலும் பற்றிய சொற்கள் தமிழுக்கே உரியவையாக நிலைத்தன. அதுமட்டுமன்றி, கயிறும் கட்டுமரமும் ஐரோப்பிய மொழிகளுக்குள்ளும் புகுந்தன. ஆணியடித்த பலகையின் இடுக்கை அடைப்பதற்குரிய கலப்பற்று என்னும் சொல் போர்த்துக்கீசர் வழியாக வந்ததெனக் கொள்வர். தைத்த கலத்துக்கு அச்சொல் தேவைப்படாமையால் அது பிந்தி வந்தது எனக் கருத இடமுண்டு. கலத்தைச் செலுத்தியவர் பலதேசத்தவர். அதனைச் செப்பனிட்டவர் இக்கரையவர் என இச்சொற்கள் கூறுகின்றன.

இவ்வறிவின் அண்மைக்கால நிலையைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1950களின் பிற்கூற்றில் அரசு மீன்பிடியை இயந்திரமயப்படுத்தத் தொடங்கியது. காரைநகரில் 1967 இல் நோர்வேயின் உதவியோடு சீநோர் நிறுவனம் தோன்றியபின் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி கீழ்மாகாணத்தின் தென்னைகளைப் பேரளவில் வீழ்த்தியது. 2004 திசெம்பர் 26 ஆம் நாட் கடல்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறைக் கரை. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அன்று இழந்தவற்றுள் தோணிகளைக் கணக்கிடவும் மனம் கூசுகின்றது. பின்னர் வந்த நன்கொடைப் படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையாலானவை. அவை இலேசானவை, உளுக்காதவை, விரைந்து செல்பவை. அவற்றைப் பழித்துப் பயனில்லை. ஆயினும் அவற்றில் வெடிப்பு நேரின் பிசினும் கண்ணாடியிழை விரிப்பும் கடையில் வாங்கவேண்டும். ஈரத்தில் அது பிடிக்காது. தென்னையிலிருந்து கிடைத்த பரிகாரம் இன்று சந்தையிலிருந்து கிடைக்கின்றது.

பரிகாரம் எதுவாயினும் அதனைச் செய்வதற்கு உலர்ந்த மணல் வேண்டும். தோணியை இழுத்துப் போடவும், கவிழ்த்து வைக்கவும், அதன் அடிப்புறத்தை வெயிலில் உணர்த்தவும் இக்கரைக்கு என்றும் பணிமனையாக இருந்தது அம்மணலே. ஒலுவிலில் 2013 ஆம் ஆண்டில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடியது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கமாகச் செல்வோர், தென்னைகள் வேரோடு கடலிற் சாய்ந்ததையும், அலையைத் தடுக்கக் கருங்கற்கள் குவிக்கப்பட்டதையும் கண்டிருப்பர். தோணியைக் கல்லின்மேல் இழுக்க இயலாது.